காயப் பதிவேடு

குழந்தைகளைப் பாதுகாக்க அரசாங்கம் முடிவு செய்துவிட்டது என்ற செய்தி, ஒரு பழுப்பு உறையில் கப்பலூருக்கு வந்து சேர்ந்தது. அதுவரை அங்கே முத்துத்தாய்தான் அவர்களைப் பாதுகாத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் உரிமம் கேட்டதில்லை.

முத்துத்தாய் கழிவுப் பஞ்சு ஆலையில் மெஷினுக்கு இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டவள். ஆலைக்குப் பின்னால் ஓடு வேய்ந்த பழைய குடோன் ஒன்று சும்மா கிடந்தது. அதில் எட்டுத் தொட்டில் கட்டி, கோரைப்பாய் விரித்து, இரண்டு மண்பானையில் தண்ணீர் வைத்திருந்தாள். பன்னிரண்டு பெண்கள் காலை எட்டு மணிக்குப் பத்தொன்பது பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு ஆலைக்குள் போவார்கள். பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியதும் ஓடி வந்து, பால் கொடுக்கிறவர்கள் பால் கொடுத்துவிட்டு, சோறூட்டுகிறவர்கள் ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடுவார்கள்.

அதற்கு முன்னால் பிள்ளைகளை வீட்டுத் தூணில் கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியான செல்லத்தாயும் தன் மூத்த பயல் கருப்புவை அப்படித்தான் கட்டிவிட்டுப் போனாள். அவனுக்கு இரண்டு வயது. அம்மாவைத் தேடித் தூணையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான். சுற்றச் சுற்றக் கயிறு குறைந்துகொண்டே வந்து கடைசியில் கழுத்துக்கு வந்துவிட்டது. அவனைப் புதைத்த மறுநாள் முத்துத்தாய் அந்தக் குடோனைக் கூட்டிப் பெருக்கினாள்.

பழுப்பு உறைக்குள் இருந்த கடிதம், பழங்காநத்தத்தில் ஒரு மாடியில் புதிதாகத் திறந்த காப்பக உரிம ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. 1982 ஜூன் முப்பதுக்குள் உரிமம் பெறாத காப்பகங்கள் பூட்டி சீல் வைக்கப்படும் என்றது. சீல் என்றால் என்ன என்று அந்தப் பெண்களுக்கு யாரும் விளக்கவில்லை. சீல் என்றால் மறுபடி தூணும் கயிறும் என்று அவர்களே புரிந்துகொண்டார்கள்.

உரிமத்துக்குப் பதினோரு பதிவேடு வேண்டும். முத்துத்தாயின் புருஷன் சங்கிலி, லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவன், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், பதினோரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தான். வருகைக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, எடைக்கு ஒன்று. பதினோராவது நோட்டின் பெயர் காயப் பதிவேடு. பிள்ளைகளுக்குக் காயம் பட்டால் அதில் எழுத வேண்டுமாம்.

முத்துத்தாய்க்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமையே அதற்கு மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் குங்குமம் வைத்து, அம்மன் படத்தடியில் வைத்துக் கும்பிட்டாள். "தாயே, இந்த நோட்டுல ஒரு எழுத்து விழாமப் பாத்துக்க." அம்மனை மட்டும் நம்பி அவள் உட்கார்ந்துவிடவில்லை. பிள்ளை தடுக்கினால் தரைக்கு முன்னால் அவள் கை இருக்கும். தவழுகிற பிள்ளையின் முன்னால் முந்தானையால் கல் பொறுக்கிக்கொண்டே போவாள். ஆறு மாதம் இப்படி முதுகு வளைந்து காப்பாற்றியதில், அந்த நோட்டு வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அவளுக்கு அதில் பெரிய பெருமை.

ஜூன் இருபத்தெட்டு, திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஜீப் வந்தது. முன்னால் இறங்கியவர் ஆய்வாளர் நல்லகாமன். ஐம்பத்தொரு வயது, கறுப்புக் கண்ணாடி, கக்கத்தில் கோப்பு. பின்னால் பியூன் பேயாண்டி இறங்கினார். அவர் கையில் ஒரு கடப்பாரை இருந்தது. அதில் வெள்ளைப் பெயிண்டால் அரசாங்க நம்பர் எழுதியிருந்தது.

"வாங்க சார். மோரு குடிக்கிறீங்களா?" என்றாள் முத்துத்தாய்.

"மோர் வேணாம்மா. குடிச்சா லஞ்சம்னு ஆயிரும். பேயாண்டி, கதவை உதை."

பேயாண்டி உதைத்தார். முதல் உதைக்குக் கதவு ஆடியது. இரண்டாவதற்குத் தாழ் தெறித்தது. மூன்றாவதற்குக் கீல் பிய்ந்து கதவு உள்ளே விழுந்தது. தொட்டிலில் தூங்கிய எட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீரிட்டன. நல்லகாமன் கோப்பைத் திறந்து, கதவு இல்லை என்று எழுதினார்.

"கதவே இல்லாத எடத்துல இம்புட்டுப் பிள்ளைகளை வச்சிருக்கியேம்மா. ஒனக்குப் பயமா இல்லையா?"

"இப்ப வரைக்கும் இருந்துச்சே சார்" என்று கீழே கிடந்த கதவைக் காட்டினாள் முத்துத்தாய்.

"இருந்தது இலாகாவுக்கு முக்கியமில்ல. தாங்குச்சா, அதைச் சொல்லு. நான் இந்த வேலைக்கு வாரதுக்கு முந்திப் பன்னெண்டு வருசம் கொதிகலன் பரிசோதிச்சவன். வெடிக்கிற வரைக்கும் அழுத்திப் பாத்தாத்தான் அது எம்புட்டுத் தாங்கும்னு தெரியும். வெடிச்சதுக்கு அப்புறம் சான்றிதழ் குடுப்போம். ஒரு தடவை கூட நான் தப்பா எழுதுனதில்ல."

அடுத்தது உடையக்கூடிய பொருள்கள். இரண்டு மண்பானையும் உடையக்கூடியவையா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பேயாண்டி கடப்பாரையால் ஒரு தட்டுத் தட்டினார். ஒன்று உடைந்தது. ஆகவே அது உடையக்கூடியது என்று எழுதப்பட்டது. இன்னொன்றும் அதே மாதிரியானதுதான் என்று முத்துத்தாய் சொல்லிப் பார்த்தாள். வாய்மொழியை நம்பினால் சட்டம் எதற்கு என்று அதையும் உடைத்தார்கள். பிள்ளைகளின் குடிதண்ணீர் பாய்களை நனைத்துக்கொண்டு ஓடியது.

அதற்கடுத்த கேள்வி, தீங்கு செய்யும் பிராணி உண்டா என்பது. வாசலில் ஒரு கிழட்டு நாய் நாலு வருஷமாகப் படுத்துக் கிடந்தது. பிள்ளைகள் அதன் காதைத் திருகும், வாலை இழுக்கும், மேலே ஏறி உட்காரும். அது கொட்டாவி விடும்.

"கடிக்குமா?"

"அதுக்குப் பல்லே பாதி இல்ல சார்."

பேயாண்டி அதன் விலாவில் உதைத்தார். நாய் எழுந்து நின்று அவரைப் பார்த்தது. இரண்டாவது முறை உதைத்தார். அது தன்னிடம் மிச்சமிருந்த பல்லால் அவர் கெண்டைக்காலைப் பிடித்தது. தீங்கு செய்யும் பிராணி உண்டு என்று நல்லகாமன் எழுதி முடிப்பதற்குள், பேயாண்டி கடப்பாரையை இரண்டு கையாலும் ஓங்கி அதன் மண்டையில் இறக்கினார். ஒருமுறை போதவில்லை. மூன்று முறை இறக்கினார். ரத்தம் வாசல் கோலத்தின் மேல் தெறித்தது. அகற்றப்பட்டது என்று நல்லகாமன் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

முத்துத்தாய் ஓடிப் போய்ப் பிள்ளைகளை எல்லாம் வேப்பமரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாள். நல்லகாமன் விடவில்லை. பரிசோதனையின்போது காப்பகம் இயல்பு நிலையில் இருக்க வேண்டும், குழந்தைகள் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று ஏழாம் விதியைக் காட்டினார். அழுகிற பத்தொன்பதையும் அவள் ஒரு மூலைக்குத் தள்ளி முன்னால் நின்றுகொண்டாள். யாரோ சொல்லி அப்போதுதான் சங்கிலி லாரி செட்டிலிருந்து ஓடி வந்தான்.

"என்ன சார் இது, நாயை இப்படிப் போட்டு..."

"நல்ல நேரத்துல வந்தப்பா" என்றார் நல்லகாமன் நிஜமான மகிழ்ச்சியோடு. "முதலுதவிப் பெட்டியைப் பரிசோதிக்கணும். அதுக்கு ஒரு காயம் வேணும்."

"ஒங்க ஆளு காலுல ரத்தம் வருதே சார். அதுக்குப் போட்டுக் காட்டுறோம்."

"அவர் அரசு ஊழியர். அரசு ரத்தத்துக்குத் தனியார் பஞ்சு வைக்கக் கூடாது. பேயாண்டி."

பேயாண்டியின் முஷ்டி சங்கிலியின் மூக்கில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சங்கிலி சரிந்து உட்கார்ந்து கையை வைத்தான். விரல் இடுக்கில் ரத்தம் கொட்டியது. மூட்டை தூக்குகிற உடம்பு, நினைத்தால் பேயாண்டியை இரண்டாக மடித்திருப்பான். ஆனால் முத்துத்தாய் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவன் ரத்தத்தோடு எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் பஞ்சு வைத்துக் கட்டுகிற வரை நல்லகாமன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி, திருப்தி என்று எழுதினார்.

"சரி, பதிவேடுகளை எடு."

இதற்காகத்தான் முத்துத்தாய் காத்திருந்தாள். பத்து நோட்டையும் அவர் புரட்டினார், தலையாட்டினார். பதினோராவதை அவள் இரண்டு கையாலும் நீட்டினாள். முதல் பக்கத்தைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரத்தமா?"

"குங்குமம் சார்."

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கடுத்ததையும் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, பின் அட்டையையும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் முத்துத்தாய். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "ஆறு மாசமா ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல."

"அப்ப எதைம்மா நான் பரிசோதிக்கிறது?" அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது. "காயம் எழுதியிருந்தா, சரியா எழுதியிருக்கானு பாப்பேன். வெறும் காகிதத்துல எங்க கையெழுத்துப் போடுவேன்? காயப் பதிவேடு பராமரிக்கலைன்னா விதி பதினாலுப்படி உரிமம் கிடையாது."

"காயமே படலையே சார்."

"அது ஒன் தப்பு."

முத்துத்தாய் ஒரு அடி முன்னால் வந்தாள். இரண்டு விரல் இல்லாத கையை நீட்டினாள். "இதை எழுதிக்கிறீங்களா சார்? மெஷின்ல போனது."

"ஒனக்கு என்ன வயசு?"

"நாப்பது."

"குழந்தைங்கிறது ஆறு வயசு வரைக்கும்தான்." அவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். "இந்தா பாரும்மா. நாங்க குழந்தைகளுக்காக இருக்கோம்னு நெனைச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் ஏமாந்து போறாக. குழந்தை இன்னைக்கு இருக்கும், நாளைக்கு வளந்து எங்கிட்டாவது போயிரும். அதை நம்பி ஒரு இலாகா நடத்த முடியுமா? பதிவேடு அப்படியே இருக்கும். இந்த வேலைக்கு வந்ததுலருந்து நான் ஒரு குழந்தை மொகத்தைக் கூடப் பாத்ததில்ல. எல்லாத்தையும் பதிவேட்டுலதான் பாப்பேன். அதான் என் மேல ஒரு புகார் இல்ல." பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். "கூரை பாக்கி இருக்குல்ல? பேயாண்டி, ஏறு."

"புள்ளைகளை வெளியே கூட்டிட்டுப் போயிர்றேன் சார்!"

"விதி ஏழு."

பேயாண்டி ஏணியைச் சாத்தி நொண்டிக்கொண்டே ஏறினார். ஓட்டின் மேல் கடப்பாரை விழுந்தது. ஒரு வரிசை ஓடு சரிந்தது. மரச்சட்டம் முறிந்து அடுத்த வரிசையும் போனது. முத்துத்தாய் மூலையில் இருந்த பிள்ளைகளின் மேல் கவிழ்ந்து படுத்தாள். சங்கிலி இன்னொரு பக்கத்தில் கையை விரித்து மறைத்தான். ஓடுகள் அவர்கள் முதுகிலும் தோளிலும் உடைந்தன. ஆனால் இரண்டு உடம்பால் பத்தொன்பது பிள்ளைகளை மூட முடியாது. செல்லத்தாயின் இரண்டாவது பிள்ளை தங்கப்பொண்ணு, இரண்டே கால் வயது, அம்மா என்று எழுந்து நின்றாள். அரை ஓடு அவள் நெற்றியில் விழுந்தது.

பிள்ளைக்கு முதலில் சத்தமே வரவில்லை. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அப்புறம்தான் கத்தினாள்.

நல்லகாமன் தூசியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை. காயப் பதிவேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"பாத்தியா, வந்துருச்சு. எழுது. வரிசை எண் ஒண்ணு. எம்புட்டு நீளம்? ரெண்டு அங்குலம் இருக்குமா? ஸ்கேல் இருக்கா?"

முத்துத்தாய் பிள்ளையைச் சங்கிலியின் கையில் கொடுத்தாள். உடைந்து கிடந்த சட்டத்தில் ஒரு முழ நீளத் துண்டை எடுத்தாள். ஆறு மாதமாக எந்தப் பிள்ளையும் தரையில் விழாமல் பிடித்த அந்த மூன்று விரல் கையால் அதை ஓங்கி அவர் வாயில் அடித்தாள். இரண்டு பல் பதிவேட்டின் மேல் விழுந்தன.

"ஸ்கேலாடா கேக்குற?" என்றாள்.

அப்போது ஆலைச் சங்கு ஊதியது.

பால் கொடுக்க ஓடி வந்த பன்னிரண்டு பெண்களும் கதவைத் தேடினார்கள், கூரையைத் தேடினார்கள், செத்த நாயைத் தாண்டினார்கள். செல்லத்தாய் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பிள்ளையைக் கயிற்றுக்குக் கொடுத்தவள் அவள்.

"எம்புள்ளைய என்னடா பண்ணுன?" என்று கேட்டாள். பதில் சொல்ல அவருக்கு வாய் சரியாக இல்லை.

பஞ்சுப் பொதியைத் தூக்கி எறிகிற கைகள் அவை. நல்லகாமனை முடியைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்கள். ஒருத்தி முழங்கையால் இடித்தாள். ஒருத்தி மார்பில் ஏறி உட்கார்ந்து அறைந்தாள். செல்லத்தாய் அவர் இடது கையைப் பின்னால் முறுக்கி, முறிகிற வரை அழுத்தினாள். எம்புட்டுத் தாங்கும் என்று அப்படித்தானே தெரியும். கூரையிலிருந்து இறங்கிய பேயாண்டியை ஏணியோடு சாய்த்தார்கள். விழுந்ததில் அவர் இடுப்பு போனது. கடப்பாரையைச் செல்லத்தாய் எடுத்துக்கொண்டு அவர் தலைக்கு நேரே ஓங்கினாள். முத்துத்தாய் குறுக்கே பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்டி. நீ ஜெயிலுக்குப் போனா தங்கப்பொண்ணை எந்தத் தூணுல கட்டுறது?"

கடப்பாரை கீழே விழுந்தது. செல்லத்தாய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. சங்கிலி மூக்குக் கட்டோடு உட்கார்ந்து காயப் பதிவேட்டை எழுதினான். வரிசை எண் ஒன்று, தங்கப்பொண்ணு, நெற்றி, காரணம் பரிசோதனை. வரிசை எண் இரண்டு, பேயாண்டி, வயது நாற்பத்து நாலு, கெண்டைக்கால் மற்றும் இடுப்பு, காரணம் நாய் மற்றும் ஏணி. வரிசை எண் மூன்று, நல்லகாமன், இரண்டு பல், இடது கை, விலா, காரணம் தவறி விழுந்தது. எதன் மேல் விழுந்தார் என்று ஒரு கட்டம் இருந்தது. தாய்மார்கள் மேல் என்று எழுதினான். எத்தனை முறை என்ற கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினான். முதலுதவி மஞ்சள் தூள். மூன்றுக்கும் கீழே ஆய்வாளர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. பன்னிரண்டு பெண்கள் சுற்றி நிற்க, நல்லகாமன் நல்ல கையால் போட்டார். பிறகு செல்லத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தையல் போட ஓடினாள்.

நல்லகாமன் போலீசுக்குப் போகவில்லை. தவறி விழுந்தேன் என்று சொந்தக் கையெழுத்துப் போட்டிருந்தார். பதிவேட்டில் இருப்பதற்கு மாறாகப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

சீல் வைக்கவும் யாரும் வரவில்லை. பதினைந்து நாள் கழித்து இன்னொரு பழுப்பு உறை வந்தது. கூரையில்லாத குடோனில், மிச்சமிருந்த ஒரு மூலை ஓட்டடியில் உட்கார்ந்து சங்கிலி உரக்கப் படித்தான்.

"தங்கள் காப்பகத்தின் காயப் பதிவேடு மாவட்டத்திலேயே சிறப்பாகப் பராமரிக்கப்பட்டுள்ளது கண்டு இவ்வலுவலகம் மகிழ்ச்சி அடைகிறது. உரிமம் வழங்கப்படுகிறது."

பெண்கள் கும்மாளம் போட்டார்கள். சங்கிலி கையைத் தூக்கி அடக்கினான்.

"இருங்க, இன்னும் இருக்கு. ஒரு குழந்தைக்குக் கூரையுள்ள தரை பன்னெண்டு சதுர அடி வேணும். ஆய்வுக்குப் பின் மீதமுள்ள கூரை பதினாலு சதுர அடி. ஆகவே அனுமதிக்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை, ஒன்று."

பெண்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்கள். பிறகு செல்லத்தாய், ரத்தம் சிந்தியது தன் பிள்ளை, அதனால் அந்த ஒன்று தங்கப்பொண்ணுதான் என்றாள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, பால் குடிக்கிற பிள்ளைக்குத்தான் முதல் உரிமை என்றாள். மூன்று பிள்ளைக்காரி மூன்றில் ஒன்றையாவது என்றாள். ஆய்வாளரைச் சேர்ந்து அடித்த அதே கைகள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்தன. ஒரு தாலிக்கயிறு அறுந்தது.

"நிறுத்துங்கடி!" என்று கத்தினாள் முத்துத்தாய். வருகைப் பதிவேட்டைச் சங்கிலியின் முன்னால் போட்டாள். "அந்த ஒரு எடத்துல கருப்புன்னு எழுதுய்யா. செல்லத்தா மகன். தினம் வந்தான்னு போடு."

செல்லத்தாய் பிடித்திருந்த முடியை விட்டாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். மற்றவர்களும் கையை எடுத்தார்கள். மறுநாள் காலை பத்தொன்பது பிள்ளைகளும் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். கருப்பும் வந்ததாகச் சங்கிலி எழுதினான்.

ஆகஸ்டில் வேறொரு ஆய்வாளர் வந்தார். புது பியூன், பழைய கடப்பாரை. அன்றைக்குப் பன்னிரண்டு பெண்களும் ஆலைக்குப் போகவில்லை. மரத்தைச் சுற்றி நின்றார்கள். மரத்தில் பன்னிரண்டு மம்பட்டிக் காம்பு சாத்தியிருந்தது. ஆய்வாளர் காம்புகளை எண்ணினார். பியூனைக் கடப்பாரையை ஜீப்பிலேயே வைக்கச் சொன்னார்.

"கருப்புங்கிற குழந்தை எங்க?"

"தூங்குறான் சார்" என்றாள் செல்லத்தாய். "எழுப்பிறாதீங்க."

அவர் மரத்தடியைப் பார்த்தார். "அப்ப இந்தப் பத்தொம்பது?"

"அவனோட வெளையாட வந்ததுக" என்றாள் முத்துத்தாய். காயப் பதிவேட்டைத் திறந்து, பேனாவோடு அவரிடம் நீட்டினாள். "நாலாம் நம்பர் காலியா இருக்கு சார்."

அவர் அந்த நோட்டைத் தொடவில்லை. வருகைப் பதிவேட்டை மட்டும் வாங்கினார். ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறான் என்று பாராட்டினார். கடைசியில் தன் அறிக்கையில், பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டார்: "அனுமதிக்கப்பட்ட குழந்தை ஒன்று. ஆய்வின்போது அமைதியாக இருந்தது."